சய்கலின் இடது கணுக்கால்

அட்பாஷி,
புதன்கிழமை

அன்பு மகள் சய்கலுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் அத்தையும் சுகம், சிவப்புப் பசு கன்று போட்டதும் சுகமாகவே முடிந்தது, அங்கே நீ சுகமா, முக்கியமாக உன் இடது கணுக்கால் சுகமா என்று அறியத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் சிரித்துவிட்டு, அப்பாகிட்ட குடும்மா என்று நழுவிவிடுகிறாய். அதனால் காகிதத்தில் எழுதி, நாளை நீ இருக்கும் இஸ்மிருக்குப் புறப்படும் எதிர்வீட்டு நுர்ஜாதா கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே தயிரை உருட்டிக் காயவைத்த குருத் உருண்டைகள் ஒரு பையும் இருக்கின்றன, இந்தமுறை உப்பு கொஞ்சம் தூக்கல், திட்டாமல் சாப்பிடு. வரும் ஞாயிறு உனக்கு இறுதி ஆட்டம், அடுத்த வருட ஒப்பந்தமே அதை வைத்துத்தான் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போன ஞாயிறு உன் ஆட்டத்தை அப்பாவின் போனில் பார்த்தோம். அவர் நீ எடுத்த புள்ளிகளை எண்ணினார், நான் உன் காலைப் பார்த்தேன். மூன்றாவது செட்டில் வலைக்குப் பக்கத்தில் குதித்து இறங்கினாயே, அப்போது கால் ஒரு நொடி உள்பக்கமாக மடங்கியது. நீ ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்தாய். நாடா அவிழவே இல்லை, சய்கல். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வாலிபால் சொல்லிக்கொடுத்தவளின் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னாலும் சாக்ஸுக்குள் கணுக்காலில் ஒட்டிச் சுற்றியிருக்கும் டேப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். அன்றிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை, பால் டீயில் வழக்கமாகப் போடும் உப்பைப் போட மறக்கிறேன், இல்லாவிட்டால் இரண்டுமுறை போடுகிறேன்.

ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்துவிட்டோம். (மறைக்கும் குணம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதே.) மார்ச்சில் பசுவுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகும்போது பனிக்கட்டியில் வழுக்கி என் வலது கணுக்கால் பிசகிவிட்டது. பள்ளிக்கூட அலமாரியிலிருந்து டேப் எடுத்து வந்து, குதிகாலுக்கு அடியில் கொடுத்து இழுத்து, குறுக்கே சுற்றி நானே கட்டிக்கொண்டேன். வலி அப்படியேதான் இருந்தது, ஆனால் கால் என் கணக்குக்குள் வந்துவிட்டது. எப்படிச் சொல்வது, டேப் இல்லாமல் கண்ணை மூடி அந்த ஒற்றைக்காலில் நின்றால் ஐந்து எண்ணுவதற்குள் சாய்ந்துவிடுவேன், எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதே விழும்போதுதான் தெரியும். டேப் சுற்றியதும், கால் லேசாகத் திரும்பினாலே தோல் இழுபட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இருபத்திரண்டு வரை நின்றேன். அப்பாதான் எண்ணினார். "கொக்கு கணக்கா நிக்கிறியே, மீன் சிக்குனா எனக்கும் ஒண்ணு குடு" என்று கேலி வேறு.

மறுநாள் காலையில் உன் அத்தை வந்து ஆட்டுவால் கொழுப்பை உருக்கிக் கணுக்காலில் அழுத்தித் தேய்த்துவிட்டார். வேண்டாம் என்று அவரிடம் சொல்ல யாரால் முடியும்? துண்டால் துடைத்துவிட்டு அதற்கு மேலேயே டேப்பைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். என் முப்பது வருட அனுபவம் அன்று எங்கே மேயப் போயிருந்ததோ. அரை மணி நேரத்தில் டேப் நெகிழ்ந்து சாக்ஸுக்குள் உருண்டுகிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, கட்டியிருக்கிறோமே என்ற தைரியத்தில் வலைக்கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பினேன், ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்கப் பொத்தென்று விழுந்தேன்.

கொழுப்பின் மேல் பழி வரவிடுவாரா அத்தை? "நடக்கப்போற புள்ளைக்குக் காலைக் கட்டி, அந்தக் கட்டை அறுத்துவிடறது நம்ம சனம். நீ என்னடான்னா அறுத்த காலுக்கு மறுபடியும் கட்டுப் போட்டுக்கிட்டு அலையறே, விழாம பின்னே பறப்பியா?" என்று ஒரே பிடி. அன்று சாயங்காலமே கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளி நூலால் என் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டி முற்றத்தில் நிறுத்திவிட்டார். ஐம்பத்தாறு வயதுக்காரி, உடற்பயிற்சி டீச்சர், யோசித்துப் பார். பந்தயம் ஓடி முதலில் வந்து நூலை அறுக்கவேண்டிய குழந்தைகளெல்லாம் வெட்கப்பட்டு நழுவிவிட்டதால் நுர்ஜாதாவும் பால்காரி குல்ஜானும் ரப்பர் காலணியோடு தெருமுனையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். குல்ஜான்தான் ஜெயித்தாள். கையில் கறி வெட்டும் கத்தி! "ஆடாத டீச்சர், நூலுக்குப் பதிலா காலு போயிரும்" என்று அவள் கத்த, அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிசு என்று என் புதுச் சால்வையை அத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டார், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். அந்த நூல் இழுத்தால் அறுந்துபோகும் நூல், எதையும் தாங்காது. இருந்தும் அது கட்டியிருந்தவரை என் இரண்டு பாதமும் எங்கே எப்படி இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது. அறுத்த நொடியில் கால் மறுபடியும் காணாமல் போயிற்று. டேப்பின் வேலையும் பெரும்பாலும் இவ்வளவுதான் போலிருக்கிறது. ஆட ஆட, வியர்க்க வியர்க்க அது தளர்ந்துவிடும், கால் சொல்வதும் நின்றுவிடும், நாம் மட்டும் பழைய தைரியத்தில் குதித்துக்கொண்டிருப்போம். உன் கால் மடங்கியதும் மூன்றாவது செட்டில்தான். இப்போது தினமும் டீ கொதிக்கும் நேரத்தில் வெறுங்காலோடு மெத்தைமேல் ஒற்றைக்காலில் நிற்கிறேன், டேப் இல்லாமலே முப்பது வரை வந்துவிட்டேன். நீயும் செய். இரண்டு செட்டுக்கு ஒருமுறை பழைய டேப்பைக் கழற்றிப் புதிதாகச் சுற்றச் சொல், கூச்சப்படாதே.

இதையெல்லாம் எழுதிவிட்டேன், எழுதவேண்டியதை இன்னும் எழுதவில்லை. இரண்டுமுறை எழுந்துபோய்க் கன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். நரினில் நடந்த மாவட்ட ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது உனக்குப் பதினான்கு வயது. முதல்நாள் பிசகிய கால், பந்து மாதிரி வீங்கியிருந்தது. "அம்மா, காலை எங்க வெக்கிறேன்னே தெரியலம்மா" என்று அழுதாய். ஆறாவது ஆளுக்கு நம்மிடம் வேறு யாரும் இல்லை. நான்தான் டேப்பைச் சுற்றினேன். "இப்பத் தெரியும் பாரு. வலிக்குதான்னு யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லு" என்றும் நான்தான் சொன்னேன். ஜெயித்தோம். கோப்பை தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. உன் கால் அந்தக் கோடை முழுக்க வீங்கியே இருந்தது, அதைப் பற்றி உன்னிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்தது தப்பு, மகளே. பயிற்சியாளராக இருந்த நேரத்தில் நான் உனக்குத் தாயாக இல்லை.

அதனால் வலிக்கிறதா என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன். கேட்டால் இல்லை என்பாய், அப்படிப் பழக்கியவளே நான். இதைப் படித்த கையோடு டேப்பைக் கழற்றி, கண்ணை மூடி, இடதுகாலில் நின்று எண்ணு. இருபதுக்குள் சாய்ந்தால் சனிக்கிழமைக்குள் உங்கள் குழு மருத்துவரிடம் போ. அவரிடமாவது, நான் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டு உள்ளதைச் சொல். ஒப்பந்தம் போனால் போகட்டும், அப்பாவுக்குத் தெருவில் பேச வேறு ஏதாவது கிடைக்கும்.

உன் பாதை வெளிச்சமாகத் திறந்திருக்கட்டும், கண்ணேறு படாமல் இரு, தலைக்குத் துணி கட்டாமல் காற்றில் நிற்காதே. நுர்ஜாதாவிடம் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்தனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் நான் கடைசிப் புள்ளிவரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா ஜிபார்