அக்காவின் உள்ளங்கை

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே இயந்திரம் மக்கர் செய்தது. ஒரு விரிப்பின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றது. நிறுத்தி, விடுவித்து, திரும்ப ஓடவிட்டேன். ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கும் இரண்டு இரும்புக் கைகளுக்கு நான் ஆயா. சலவைக்கூடத்தில் எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

மடித்து முடித்ததும் இடது கையை விரித்து, துணியின்மேல் வைத்து ஒரு கணம் அழுத்தும். அக்கா செய்கிற மாதிரியே. செய்த மாதிரி. அவள் போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகியும் எனக்கு இன்னும் அப்படி எழுத வரவில்லை, பார்.

மார்ச் 4, செவ்வாய்

அக்கா பொண்ணு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், கேட்டால் "ஒண்ணுமில்ல சித்தி" என்கிறாள். பயமாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

என் வாயில் கொள்ளியை வைக்க.

புது இன்ஜினியர் பையன் வந்திருந்தான். கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் இயந்திரத்தையே பார்த்தான். "கடைசில ஒரு அமுக்கு அமுக்குதே, அது எதுக்குக்கா?" என்றான்.

எதுக்கா? அது எங்க அக்கா கைடா. இரண்டு வருஷம் முன்னால் அவளுக்கு ஒயர் வைத்த கையுறையை மாட்டி, வாரக்கணக்கில் மடிக்கவிட்டு, அதைப் பார்த்துத்தான் இது கற்றுக்கொண்டது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாளைக்கு நானே போய்ச் சேர்ந்தாலும் என் கை இங்க ஷிஃப்ட் பார்க்கும்டி" என்று கையுறையோடு எனக்குக் கும்பிடு போட்டாள். பிறகு மடிப்பு மேசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசியில் அவளையும். கையுறை மாட்டும்போது அதை யாரும் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரி வீடு தேடி வந்து, "உன் கைதாண்டி எங்க சோத்துல மண்ணைப் போட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அன்றைக்கெல்லாம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. அவள் கையை ஒருத்தன் வேண்டாத வேலை என்று நினைத்துவிடக்கூடாதே என்று, "அது சும்மா இல்ல தம்பி" என்று ஆரம்பித்தேன். "மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும். நடு மடிப்புல ஈரம் ஒளிஞ்சிருக்கும். உள்ளங்கையை வெச்சு அமுக்கினா ஜில்லுனு காட்டிக் குடுத்துடும். அதுக்குத்தான்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதுக்குத் தேவையே இல்லையேக்கா! இந்தக் கைக்குத் தொட்டா ஒண்ணும் தெரியாது. ஈரத்தை டிரையர்லயே சென்சார் பார்த்துடுது. அடுத்த வாரக் கடைசில எடுத்துடறேன்."

நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

கெஞ்சிப் பார்த்தேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். பையன் கெட்டவன் இல்லை, கண் கலங்கினான். "நாலு கூடத்துலயும் இதே கைதான்க்கா ஓடுது. ஒரு விரிப்புக்கு ஒரு செகண்ட் மிச்சம்னா மேல இருக்கறவங்க விடுவாங்களா?"

நாலு கூடத்திலா? அக்கா ஒரே நேரத்தில் நாலு இடத்தில் வேலை பார்க்கிறாளா? அது யாருடைய கை? கொடுத்தவளுடையதா, வாங்கியவனுடையதா? யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது அவ கை இல்லம்மா. அவ கைகிட்டேர்ந்து சுட்டுட்டுப் போனது. எடுத்துத் தொலைக்கட்டும்."

புத்தகத்தில் தலையைப் புதைத்திருந்த அக்கா பொண்ணு மெதுவாகக் கேட்டாள்: "சித்தி, எடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

மார்ச் 14, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தாள். பையில் நீல விரிப்பு. அக்கா கடைசியாகப் படுத்திருந்தது. காலையில் அப்பாவுக்குத் தெரியாமல் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தாளாம்.

முதலில் கையை நீட்டினாள். மஞ்சள் கோட்டைத் தாண்டியதும் இயந்திரம் நின்றுவிட்டது. பின்வாங்கினாள், ஓடியது. நீட்டினாள், நின்றது.

"என்னைத் தொடாதா சித்தி?"

"ஆள் கிட்ட வந்தா நின்னுடும்மா. யாருக்கும் அடிபடக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க."

பிறகு நீல விரிப்பை வைத்தோம். ஆஸ்பத்திரி விரிப்பைவிடச் சின்னது, அதனால் மடிப்பு கோணலாக விழுந்தது. கடைசியில் அந்தக் கை வந்து இறங்கியது. பாதி துணிமேல், பாதி வெறும் மேசைமேல். அவள் மூச்சுகூட விடவில்லை. "இன்னொரு தடவை" என்றாள். அது முடிந்ததும் இன்னொரு தடவை. இன்ஜினியர் பையன் போனைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டான்.

மடித்ததைக் கலையாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்போதும் அழவில்லை. நான்தான் கழிவறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன்.

மார்ச் 17, திங்கள்

அந்தக் கடைசி அமுக்கை எடுத்துவிட்டார்கள். வேகமாக ஓடுகிறது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் மாமா போன் செய்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா. அவ நிறுத்த மாட்டேங்கறா."

அலமாரியிலிருந்து ஒரு வாடை வருகிறதே என்று அவர் துழாவியிருக்கிறார். அடியில் நீல விரிப்பு. பிரித்துவிட்டார். நடு மடிப்பு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். நான் போனபோது அவள் தரையில் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஆறு மாதமாக வராத அழுகையை எல்லாம் அழுதுகொண்டிருந்தாள். "நான்தான் காயாம எடுத்துட்டுப் போனேன்... அம்மா கை அமுக்கி வெச்சது சித்தி! மூணு தடவை அமுக்கி வெச்சது!"

 வயசெல்லாம் துணியோடு கிடந்தவள் நான். அந்த விரிப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேனா? இல்லையே. நானும் அந்தக் கையைத்தானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பக்கத்தில் எனக்கும் ஒரு கை இருந்ததே.

எதற்காக அம்மா அப்படி அழுத்துவாள் என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. அம்மாவுக்கு அது பழக்கம் என்று நினைத்திருந்தாள். மாமா, "எனக்கும் தெரியாது" என்றார்.

மூன்று பேருமாகத் துவைத்தோம். மாமா சோப்புப் போட்டுத் தேய்த்தார். கறை பாதிதான் போயிற்று. நல்ல வெயில். சாயங்காலம் அவளே எடுத்து வந்து மடித்தாள். கோணல்தான். இடது கையை விரித்து நடுவில் வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னும் ஈரமா இருக்கு சித்தி" என்றாள். பிரித்து, திரும்பக் கொடியில் போட்டாள்.