நாலாவது டிராக்

பிரிக்பீல்ட்ஸ்,
8 ஜூன் 1986

அன்பு வெரோ,

நீயும் அத்தையும், உள்ளே உதைத்துக்கொண்டிருக்கும் ஆளும் சுகம்தானே? பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று உன்னைக் கிள்ளானுக்குக் கூட்டிப் போனாலும் போனார்கள், இந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்குப் பேச்சுத் துணைக்கு மேல்வீட்டு வானொலிதான் இருக்கிறது.

சும்மா இருக்க முடியாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபப்படாமல் படி. நாலு டிராக் கேசட் ரிக்கார்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒரே கேசட்டில் நாலு தனித்தனிப் பதிவு செய்யலாம். முதல் டிராக்கில் கிட்டார் வாசித்தேன். அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் இன்னொரு கிட்டார். மூன்றாவதில் பிஸ்கட் டின்னில் தாளம். திரும்பப் போட்டுக் கேட்டால் மூன்று கிரிகரி! ஒருவனையே உன்னால் தாங்க முடியாது என்பாய்.

சுலபமாக வந்துவிட்டது என்று நினைக்காதே. மெஷினோடு வந்த புத்தகத்தில் பாதி ஜப்பானிய மொழி. பழைய புத்தகக் கடையில் ஒலிப்பதிவு பற்றிய இங்கிலாந்துப் பத்திரிகைகள் கொஞ்சம் கிடைத்தன. படிக்கும்போது எல்லாம் புரிகிறது, செய்யும்போதுதான் ஒன்றும் வரவில்லை. கடைசியில் மைக் செட் தம்புசாமி அண்ணனிடம் போனேன். "ரூம்ல சத்தம் எதிரொலிக்குது பாஸ், சுவத்துல மெத்தைய சாத்துங்க லா" என்றார். சாத்திவிட்டேன். நான் பாயில் படுக்கிறேன். ரயில் வராத நேரம் பார்த்துத்தான் வாசிப்பேன். ஸ்டேஷனில் வேலை பார்ப்பவனுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனால் சரக்கு ரயில் யாரிடம் சொல்லிவிட்டு வருகிறது! நல்ல இடத்தில் வந்து தடதடவென்று போய்விட்டது.

நான் போட்டிருப்பது நம் பிள்ளைக்கு ஒரு தாலாட்டு. நாலாவது டிராக் உனக்கு. கோயில் பாடகர் குழுவில் நின்று என்னைக் கவிழ்த்த குரல் அது. இரண்டு வருடமாக அதைக் கேட்காமல் வீடு வீடாக இல்லை. என் வாக்மேனையும் கிட்டார் கேசட்டையும் அனுப்புகிறேன். காதில் அதைக் கேட்டுக்கொண்டே உங்கள் வீட்டு கேசட் ரேடியோவில் பாடிப் பதிந்து அனுப்பு. ரிக்கார்ட், பிளே இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

உன்
கிரி

---

இயேசு மரி சூசை துணை

கிள்ளான்,
15 ஜூன் 1986

அன்புள்ள என்னங்க,

பார்சல் வந்தது. நான் ஊரில் இல்லை என்றதும் மெத்தையைச் சுவரில் ஏற்றிவிட்டீர்கள். அடுப்பையாவது விட்டுவைத்தீர்களா? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வரி எழுதவில்லை, பிஸ்கட் டின்னைப் பற்றி மட்டும் எழுதுகிறீர்கள்.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். "பொறக்காத புள்ளைக்குத் தாலாட்டா? நான் ஒரு தொட்டில்கூட வாங்காம இருக்கேன், உன் வீட்டுக்காரரு கேசட் போடறாரா!" என்று சாப்பாட்டு நேரம் வரை திட்டு. அவர் பயம் எனக்கும் இருக்கிறது. அதனால் வார்த்தை போடாமல் வெறும் ராகமாக முனகியிருக்கிறேன். வார்த்தை இல்லையென்றால் தாலாட்டு ஆகாது அல்லவா? அம்மாவிடம் மாதா பாட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

பாதியில் நிறுத்திவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இவ்வளவு பாடினதே பெரிது, சிரிக்காதீர்கள்.

உங்கள்
வெரோ

---

பிரிக்பீல்ட்ஸ்,
24 ஜூன் 1986

அன்பு வெரோ,

சிரிக்கிறதா! வேலை முடிந்து வந்து சட்டைகூடக் கழற்றாமல் கேட்டேன். உன் குரல் கொஞ்சமும் மாறவில்லை. எதிர்வீட்டு டொரத்தி ஆன்டி ஜன்னலில் வந்து, "வெரோ வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரே ஒரு குறை. உன் வளைகாப்பு வளையல்! நீ கையை அசைக்கும்போதெல்லாம் கலகலவென்று மைக்கில் விழுகிறது. சில இடத்தில் உன் குரலே கேட்கவில்லை. பதிவான பிறகு எடுக்க முடியாது, வேண்டாத சத்தத்தை முதலிலேயே நிறுத்திவிடு என்று பத்திரிகையில் போட்டிருக்கிறான். பாடுகிற பத்து நிமிடம் மட்டும் கழற்றி வைத்துவிடேன். அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். அடுப்பு அதன் இடத்தில்தான் இருக்கிறது.

உன்
கிரி

---

கிள்ளான்,
1 ஜூலை 1986

என்னங்க,

கழற்ற மாட்டேன். அம்மாவுக்குப் பயந்து சொல்லவில்லை.

போன முறை ஐந்தாம் மாதத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது, என் பாட்டும்தான். வளையல் போடுகிற நாளையே நான் பார்க்கவில்லை. இந்த முறை பார்த்துவிட்டேன். தூக்கத்தில் புரளும்போது இது சத்தம் போட்டால்தான் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் இருக்கிறோம் என்று எனக்குத் தைரியம் வருகிறது. உங்களுக்கு அது வேண்டாத சத்தம்.

உங்களுக்குச் சுத்தமான பாட்டுதான் வேண்டும் என்றால் வேறு யாரையாவது பாடச் சொல்லுங்கள்.

வெரோனிகா

---

பிரிக்பீல்ட்ஸ்,
4 ஜூலை 1986

என் கண்ணு வெரோ,

நான் ஒரு மடையன். அந்தப் பத்திரிகைகளை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டேன். தம்புசாமி அண்ணனிடம் சொன்னதற்கு, "அது வெள்ளக்காரன் எழுதினது பாஸ், அவன் பொண்டாட்டிக்கு ஏது வளைகாப்பு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன் வெரோ. பயத்தை மறக்கத்தான் இந்த மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். உன் பயத்தைக் கேட்கத்தான் தெரியவில்லை.

உன் கேசட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இந்த முறை வளையலை மட்டும் கேட்டேன். என் பிஸ்கட் டின்னைவிட அது எவ்வளவோ மேல். மூன்றாவது டிராக்கை அழித்துவிட்டேன்.

நீ பாட வேண்டாம். ரேடியோவில் பதிவைப் போட்டுவிட்டு உன் பாட்டுக்கு வேலையைப் பார். கீரை ஆய்ந்தால் போதும், தலை வாரினால் போதும். வளையல் அதன் இஷ்டத்துக்குச் சத்தம் போடட்டும். அதை மூன்றாவதில் ஏற்றி, அதற்கு ஏற்றபடி நான் கிட்டார் வாசித்துக்கொள்கிறேன். நாலாவது காலியாகவே இருந்தாலும் இருக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் நல்லபடி வந்து சேர்ந்தால் போதும்.

உன்
கிரி

---

இயேசு மரி சூசை துணை

கிள்ளான்,
31 ஆகஸ்டு 1986

அன்புள்ள என்னங்க,

நீங்கள் மகளைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிய மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூக்கு உங்களுடையது, பாவம். பிரசவம் பார்த்த நர்ஸ் அக்காவுக்கு வழக்கப்படி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். அவற்றின் சத்தம்தான் உங்கள் மூன்றாவது டிராக்கில் பத்திரமாக இருக்கிறதே. கை லேசாகிவிட்டது. மனமும்தான்.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் மகள் ஒரே அழுகை. பால் கொடுத்தேன், தோளில் போட்டேன், ஒன்றுக்கும் மசியவில்லை. என்னையறியாமல் உங்கள் ராகத்தை எடுத்துவிட்டேன். வார்த்தை தானாக வந்தது. முழுப் பாட்டையும் பாடி முடித்த பிறகுதான் பாடினேன் என்பதே எனக்கு உறைத்தது. தொண்டை அடைக்கவே இல்லை!

திரும்பிப் பார்த்தால் அம்மா ரேடியோவைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார். இரண்டு பட்டனையும் அவரேதான் அழுத்தியிருக்கிறார். இத்தனை நாள் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறார், பாருங்கள்.

அந்தக் கேசட்டை இதோடு அனுப்புகிறேன். என் குரல் தூரத்தில் சன்னமாகத்தான் இருக்கிறது. மைக்குப் பக்கத்தில் அம்மாதான் பெரிதாகக் கேட்கிறார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாடறா, ஏசுவே, எம் மக பாடறா" என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். உங்கள் பத்திரிகைக்காரனுக்கு இது கெட்டுப்போன பதிவாக இருக்கும். இருக்கட்டும். நாலாவது டிராக்கில் இதைத்தான் நீங்கள் ஏற்ற வேண்டும், ஒரு சத்தத்தையும் குறைக்கக் கூடாது.

நல்ல குரல் வேண்டுமென்றால் கவலைப்படாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தினமும் பாடுவேன், நீங்கள் போதும் என்று கெஞ்சுகிறவரை பாடுவேன்.

உங்கள்
வெரோவும் மகளும்