பிளாஸ்டிக் பிரிக்காத கம்ப்யூட்டர்

முருகன் துணை

பண்டமாரான், கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் சஞ்சீவுக்கு அம்மா எழுதுறது. இங்க அப்பாவும் நானும் சுகமாத்தான் இருக்கோம், அவருக்கு முட்டி வலி, எனக்கு அவரோட பேசிப் பேசி வாய் வலி, வேற ஒண்ணும் இல்ல. அங்க நீயும் சுகமா இருக்கேன்னு நெனைக்கிறேன்னு அடுத்த வரி எழுதணும், அதான் வழக்கம், ஆனா இந்தத் தடவ அந்த வரி பேனாவுல வர மாட்டேங்குது. நீ சுகமா இருக்கியா இல்லையான்னு கேக்கத்தான் இந்தக் கடுதாசியே. போன்ல கேக்க வேண்டியதுதானேன்னு சிரிப்ப. போன்ல கேட்டா ஓகேமா, எல்லாம் ஓகே, அப்புறம் பேசுறேன்மான்னு வெச்சிடுவ, அந்த ஓகேவக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. கடுதாசிய அப்படிப் பாதியில வைக்க முடியாதுல்ல. பக்கத்து வீட்டு புஷ்பவல்லி மக லீவு முடிஞ்சு மெல்பர்னுக்குத் திரும்புறா, அவ கையில குடுத்து விடுறேன், கூட ஒரு பார்சலும் இருக்கு. நீ கேட்ட கருவாடு வெக்கல, ஏர்போர்ட்ல புடிச்சுக்குவாங்கன்னு அந்தப் பொண்ணு பயந்து சாவுறா. கறித்தூள் வெச்சிருக்கேன். உக்காந்து நிதானமாப் படி, நடுவுல போனத் தடவாத.

போன தீபாவளிக்கு வந்தப்ப ஒரு கம்ப்யூட்டர் கொண்டாந்து குடுத்தியே, வெள்ளி மாதிரி பளபளன்னு, அத வெச்சுத்தான் இந்த வீட்ல ஒரு வருஷமா சண்டை. நீ விலையச் சொல்லாமதான் குடுத்த, ஆனா உங்க அப்பாவுக்கு ஒரு சாமானோட விலை தெரியலன்னா சோறு எறங்குமா? நீ பிளேன் ஏறுறதுக்குள்ள கொமுட்டர் ரயில் புடிச்சு பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கானே உங்க அத்தை மகன் லோகன், அவன்கிட்ட விசாரிச்சுட்டு வந்துட்டாரு. அவன் சும்மா இருந்திருக்கலாம்லா, அந்த விலைக்கு நான் மூணு தருவேன் மாமா, உள்ள இருக்கிறதெல்லாம் ஒரே சாமான்தான், மேல போட்டிருக்கிற பேருக்குத்தான் காசுன்னு சொல்லி அனுப்பியிருக்கான். அன்னிக்கு ராத்திரி தோசை சாப்பிடுறப்ப நீயும் அவரும் போட்ட சண்டை எனக்கு மறக்கல. மலிவா வாங்குனா ரெண்டு வருஷத்துல செத்துப் போயிடும்பா, இது பத்து வருஷம் ஓடும், சத்தம் இல்ல, சூடு இல்ல, படம் கண்ணாடி மாதிரி தெரியும்னு நீ சொல்ற. அவன் பேர விக்கிறான், நீ பேர வாங்குறன்னு அவரு சொல்றாரு. ரெண்டு பேரும் தோசையக் காய விட்டதுதான் மிச்சம்.

நான் அவருகிட்ட கேட்டேன், போர்ட்ல கண்டெய்னர் லோரி ஓட்டுன காலத்துல கம்பெனி ஐரோப்பா லோரி ஒண்ணு வாங்குனப்ப, அத எனக்குத்தான் குடுக்கணும்னு சூப்பர்வைசர்கிட்ட மல்லுக்கு நின்னீங்களே, இடுப்பு வலிக்காது, கியர் வெண்ணெய் மாதிரி விழுதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அது மட்டும் பேருக்கு இல்லையான்னு. அது லோரி, இது வேறன்னாரு. என்னா வேற? என் தையல் மெஷின எடுத்துக்கோ, முதல்ல மலிவா ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு, பிளவுஸுக்கு ஒரு தையல் போட்டா ரெண்டு தையல் தாண்டும், மாசத்துல பாதி நாள் ரிப்பேர் கடையிலதான் கெடக்கும். அப்புறம் நானே சீட்டுக் கட்டி வாங்குன ஜப்பான் மெஷின் இன்னிக்கும் கடகடன்னு ஓடுது, நீ படிச்சதே அதுலதான்னு உனக்கே தெரியும். அதுக்காக விலை கூடுனதெல்லாம் ஒசத்தின்னு நான் சொல்ல வரல. புடிச்சு வேலை வாங்குனா அந்தக் காசு தகும், வாங்காம வெச்சிருந்தா அஞ்சு வெள்ளிக் காசுக்கு வாங்குன சாமான் கூட தண்டம்தான். என் கணக்கு அவ்வளவுதான், லோகன் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

இப்ப கேளு கூத்த. நீ போன மறுநாளே உங்க அப்பா அந்தக் கம்ப்யூட்டர பெட்டியில திரும்பப் போட்டு, மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கூட பிரிக்காம, அவரோட பழைய வேட்டியில சுத்தி அலமாரி மேல ஏத்திட்டாரு. ஏங்கன்னு கேட்டா விலை ஒசந்த சாமான், தெனம் எடுத்தா கீறல் விழும்ங்கிறாரு. அட, காசுக்குத் தகாத சாமான்னு சொல்றதும் இவருதான், கீறல் விழும்னு பொத்தி வெக்கிறதும் இவருதான்! வீட்டுக்கு யாரு வந்தாலும் நாற்காலி போட்டு ஏறி எறக்கி, மகன் மெல்பர்ன்ல இருந்து கொண்டாந்தான், கை ஈரமா இருந்தா தொடாதீங்கன்னு காட்டிட்டு மறுபடி மேல ஏத்திடுவாரு. இந்தச் சரஸ்வதி பூஜைக்கு எறக்கிச் சந்தனம் குங்குமம் வெச்சு சூடம் காட்டுனாரு. தொறந்து பாத்தாரான்னு கேளு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு சுண்டல் சட்டிய அங்கேயே போட்டிருப்பேன். உன்கிட்ட ஞாயித்துக்கிழமை பேசுறதுக்கு மட்டும் லோகன் எப்பவோ தள்ளி விட்ட பழைய கம்ப்யூட்டர் டப்பாதான். அதோட மூடி நிக்காது, பின்னால மைலோ டின் முட்டுக் குடுக்கணும். எண்ணெய்ல பொரிக்கிற மாதிரி சத்தம் வேற. திரையில மஞ்சள் ஏறிப்போய், நீ சிவப்புச் சட்டை போட்டாலும் மஞ்சள், வெள்ளைச் சட்டை போட்டாலும் மஞ்சள், உன் மொகம் காமாலைக்காரன் மாதிரி தெரியும். ஏன்டா ஒரே சட்டையவே போட்டுட்டு வர்றன்னு எத்தன வாட்டி கேட்டேன், உன் கம்ப்யூட்டர்தான்மா கோளாறு, நான் குடுத்தத எடுங்கன்னு நீயும் சொன்ன, அப்பா எடுக்க விட்டாத்தானே.

ரெண்டு வாரத்துக்கு முன்ன ஒரு சாயங்காலம் இங்க இடி மழை, பக்கத்துலயே எங்கயோ விழுந்துச்சு போல, டமார்னு ஒரு சத்தம், பழைய டப்பா அதோட மண்டையப் போட்டுச்சு. ஞாயித்துக்கிழமை உன்கிட்ட பேசுற நேரம் வந்துடுச்சு, அவரு என்னடான்னா நாளைக்கு லோகன்கிட்ட கொண்டு போய் சரி பண்ணிடலாம், ஒரு வாரம் பேசலன்னா என்னா இப்பங்கிறாரு. எனக்கு எங்க இருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ, நானே நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேல இருந்து பெட்டிய எறக்கிட்டேன். பிளாஸ்டிக்கப் பிரிக்காத, பிரிக்காதன்னு பின்னாலயே வந்தாரு. ஒரே இழுப்பு, பர்ருன்னு கிழிச்சுப் போட்டேன். நீ தீபாவளிக்குச் சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருந்துச்சு, சார்ஜ் போட்டு, தட்டித் தடவி நானே தொறந்தேன், நீயும் கூப்பிட்ட.

சஞ்சீவ், சொன்னா நம்ப மாட்ட, உன்னையே ஹால்ல கொண்டாந்து உக்கார வெச்ச மாதிரி இருந்துச்சு. நீ சொன்ன கண்ணாடி பொய் இல்ல. முதல்ல சந்தோஷம்தான். அப்புறம்தான் பாத்தேன். கன்னம் ஒட்டிப் போயிருக்கு. காதுக்கு மேல நரை, உங்க அப்பாவுக்கே உன் வயசுல இல்ல. தூங்கப் போறேன்மான்னு சொல்லிக்கிட்டே மேல் கோட்ட இழுத்து மூடுன பாரு, அதுக்குள்ள தெரிஞ்சுது, கண்ணக் குத்துற மஞ்சள் பச்சையில ஒரு துணி, நடுவுல வெள்ளிப் பட்டை. நாள் பூரா துணியில பொழைக்கிறவ நான், அது தூங்கப் போறப்ப போடுற துணியா, ஆபீஸுக்குப் போடுற துணியா? பழைய டப்பாவுல எல்லாமே மஞ்சளாத் தெரிஞ்சதுல இத்தன நாள் அது ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அப்புறம் நீ மொகத்தத் தொடச்ச. கைடா அது? விரல் இடுக்குல எல்லாம் கீறலு, கட்டை விரல்ல பிளாஸ்டர், நகம் கறுத்துப் போய்க் கெடக்கு. கம்ப்யூட்டர் தட்டுற வேலையில கை அப்படி ஆகுமா? படம் நல்லா தெரியுதாப்பான்னு நீ கேட்ட, நல்லா தெரியுதுய்யான்னு அவரு சொன்னாரு. நீ ஓகேமான்னு வெச்சுட்ட.

அவரு அப்படியே உக்காந்திருந்தாரு. வெள்ளிப் பட்டை போட்ட அந்த வெஸ்ட்ட போர்ட்ல அவரு எத்தன வருஷம் போட்டவரு, அவருக்குத் தெரியாதா. குடோன்ல பெட்டி தூக்குறான், ராத்திரி ஷிப்ட் போலன்னு மட்டும் சொன்னாரு. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. மறுநாள் காலையில பசியாறக் கூட இல்ல, அந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிப் பையில வெச்சாரு, எங்கன்னேன், லோகன் நல்ல விலைக்கு எடுத்துக்குவான், வித்துக் காச நம்ம பையனுக்கு அனுப்பிடலாங்கிறாரு. நான் பையப் புடுங்கி வெச்சுட்டேன். இத வித்துட்டா மறுபடி என் புள்ளைய மஞ்சளாத்தான் பாக்கணும், அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்னு சொன்னேன். இப்ப அது ஹால்ல மேசை மேலதான் இருக்கு, வேட்டியும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. அன்னில இருந்து அவரு யார்கிட்டயும் அதோட விலையப் பத்திப் பேசல.

எனக்கு உன் மேல வர்ற கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல, தெரிஞ்சுக்கோ. பெட்டி தூக்குறதுக்குக் கோவம் இல்ல, உங்க அப்பாவும் போர்ட்ல உடம்பு நோவப் பாடுபட்டுத்தான் உன்னப் படிக்க வெச்சாரு. ஆபீஸ் வேலை போயிடுச்சா, எப்ப போச்சு, ஏன் சொல்லல? போன வாரமும் கேப்பேன் கேப்பேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, நீ மீட்டிங் மீட்டிங்னு கத விட்டதும் அப்படியே முழுங்கிட்டேன். எந்த மீட்டிங்டா, பெட்டிங்களோடயா? கம்பெனிய இழுத்து மூடுனப்ப உங்க அப்பா அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொன்னாரு, மூணு பேரும் உக்காந்து ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம், வானமா இடிஞ்சு விழுந்துச்சு? நீயும் அந்த மேசையிலதானே இருந்த. இன்னொண்ணு கேக்குறேன், இதுக்கு மட்டும் நெசத்தச் சொல்லு. அந்தக் கம்ப்யூட்டர வாங்குறப்ப உனக்கு வேலை இருந்துச்சா? இருந்துச்சுன்னா சரி. இல்லாமலே, நாங்க சந்தேகப்படக் கூடாதுன்னு வாங்கிட்டு வந்தியா? அப்படின்னா லோகன் சொன்னது, நீ சொன்னது, உங்க அப்பா சொன்னது எதுவும் கணக்குல சேராது, அத விட ஒசந்த விலைக்கு யாரும் எதையும் வாங்கியிருக்க மாட்டாங்க.

இந்தத் தீபாவளிக்கு ஆபீஸ்ல லீவு இல்லன்னு சொன்னியே, அது லீவா இல்ல டிக்கெட் காசான்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது. வரணும்னா ஒரு வார்த்தை சொல்லு, டிக்கெட் நாங்க எடுக்கிறோம், ரோஷம் பாக்காத. அங்கேயே இருந்து வேற வேலை தேடுறேன்னாலும் சரிதான், ஆனா தெரிஞ்சு இருக்கணும்டா, தெரியாம இருக்கக் கூடாது. செராஸ்ல இருந்து ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க ரெண்டு வாட்டி போன் பண்ணாங்க, மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க, எங்க பையன் சொன்னதும் நான் சொல்றேன்னு வெச்சுட்டேன். பொய் சொல்லி ஒரு பொண்ணக் கொண்டாற என்னால ஆகாது. ராத்திரி வேலைக்குப் போறப்ப வெறும் வயித்தோட போகாத, காலையில வந்து படுக்கிறப்ப ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுக்கோ, உங்க அப்பாவும் அப்படித்தான் தூங்குவாரு. முதுக வளைச்சுத் தூக்காத, முட்டிய மடக்கித் தூக்கணும்னு அவரு எழுதச் சொன்னாரு. அத நீங்களே எழுதுங்கன்னேன், எனக்கு எழுத வராதுன்னு வெளிய போயிட்டாரு.

பார்சல்ல கறித்தூளுக்கு அடியில ஒரு பை இருக்கும், பாரு. அதுல ரெண்டு ஜோடி கிளவுஸ். நேத்து அவரு மோட்டர் சைக்கிள எடுத்து, வாடின்னு என்னைக் கூட்டிக்கிட்டு கிள்ளான்ல போர்ட் ஆளுங்களுக்கு சாமான் விக்கிற கடைக்குப் போனாரு. கடைக்காரரு டஜன் கணக்குல கட்டி வெச்ச மலிவானத எடுத்துப் போட்டாரு, இதுவே போதும்ங்க, அடிக்கடி மாத்திக்கலாம்லன்னு நான்தான் சொன்னேன். அதத் தள்ளி விட்டுட்டாரு. கையில போடுறதுல கணக்குப் பாக்காத, அதெல்லாம் ஒரு வாரத்துல கிழிஞ்சுடும்னாரு. இருக்கிறதுலயே நல்லது எதுவோ அத எடு பாஸ்னு கேட்டாரு. பாசார்ல கீரைக்கட்டுக்கு நின்னு வாதாடுற மனுஷன், விலை என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. வீட்டுக்கு வந்து உக்காந்து, நீ பாத்துடக் கூடாதுன்னு அந்த விலைச் சீட்ட நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுத்தாரு, நான் அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன்.

முருகன் உன் கூடவே இருக்கட்டும், கையும் காலும் நல்லா இருக்கட்டும், எங்க ஆயுசும் சேத்து நீ நல்லா இருய்யா. வர்ற ஞாயித்துக்கிழமை கூப்பிடுறப்ப அந்தக் கோட்டக் கழட்டிட்டு, வெஸ்ட்டோடயே உக்காந்து பேசு. கிளவுஸ உங்க அப்பா மாதிரி நல்ல சாமான்னு பிளாஸ்டிக்கோட தூக்கி மேல வெச்சிடாத. பிரிச்சுப் போட்டுக்கோ.

உன் மேல கோவமா இருக்கிற
அம்மா