இனி முல்லை வர வேண்டியதில்லை

என் பிரியமான செல்வி அக்கா,

அலுவலகத்துக்குள் ‘நீங்க’, வெளியே டீக்கடையில் உட்கார்ந்தால் ‘நீ’ என்று பழகிய வாய் இது. இதை டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியேதான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஆட்களின் பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அதற்கு நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

நாம் இரண்டு பேரும் உளவுத்துறையில் வேலை பார்த்தோம் என்பதை இப்போதாவது சொல்லிவிடலாம். ராமநாதபுரத்தில் ஒரே கட்டடம். மாடியில் எங்கள் தொழில்நுட்பப் பிரிவு. ரேடார், கேமரா, போன் பேச்சு எல்லாம் எங்கள் பொறுப்பு. கீழே உங்கள் பிரிவு. கடலோர ஊர்களில் மனிதர்களோடு பழகிச் சேதி கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. நான் சிக்கல் ஊர்ப் பக்கத்து மிளகாய்க் கொல்லைக்காரர் மகள், நீ கடலாடிக்காரி. கடலையே பார்க்காமல் வளர்ந்த ரெண்டு பேரையும் கடலுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே.

நீ நைட்டி விற்கிறவளாக மீனவர் தெருக்களுக்குப் போய் வந்தாய். வேஷம்தான். ஆனாலும் எந்தத் துணி சாயம் போகும், யாருக்கு எந்த நிறம் எடுக்கும் என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. எனக்குக்கூட நீ தேர்ந்து கொடுத்ததைத்தான் இன்றும் வீட்டில் உடுத்துகிறேன்.

ஒரு படகு பிடிபட்டால் அது யாரால் பிடிபட்டது என்று மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் எப்போதும் இழுபறி. உங்கள் ஆட்களின் பெயரை நீங்கள் எங்களுக்குச் சொல்லக் கூடாது. நாங்கள் போனில் ஒட்டுக்கேட்டதை முழுசாக உங்களுக்குத் தர மாட்டோம். பொறுப்பைப் பிரித்துக்கொண்டோம் என்று சொல்லிக்கொண்டாலும், சொத்துத் தகராறில் வீட்டுக்கு நடுவே சுவர் வைத்த கதையாகத்தான் இருந்தது.

முல்லை உன் ஆள். கோப்பில் அவளுக்கு வைத்த பெயர் அது. அவள் நிஜப் பெயரும் ஊரும் எனக்கு இன்றுவரை தெரியாது. நடுக்கடலில் கடத்தல் பொட்டலம் மாற்றிவிடுகிற கும்பலோடு அவள் தம்பி போனான், திரும்பி வரவில்லை என்பதை மட்டும் சொல்லியிருந்தாய். அதன் பிறகுதான் எந்தப் படகு எப்போது கிளம்புகிறது என்று அவள் உன்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். அவள் தெருவிலேயே கும்பலின் ஆட்கள் இருந்தார்கள். ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் அவள் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதானே நினைத்தோம். மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“முல்லை என்னையத் தேடுவா, கனகு. அவளப் போன் வச்சுக் கண்டுபிடிச்சிராதீக. அமாவாசைக்குச் சேதுக்கரைக்குத் தலை முழுக வருவா. நீ நேர்ல போயிச் சொல்லு.”

அதற்குப் பிறகு நீ தெளிவாக எதுவும் பேசவில்லை. உன் பிரிவில் அத்தனை பேர் இருக்க, மாடிக்காரியான என்னிடம் ஏன் சொன்னாய்? கேட்க நினைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

கடலாடியில் உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன பிறகு உன் அய்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எம்மக ஆபீசுல என்ன வேல பாத்தா, தாயி?” என்று கேட்டார். நல்ல வேலை அய்யா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு அதற்கு மேல் என்ன சொல்லியிருக்க முடியும், அக்கா?

நீ சொன்னதை எங்கள் மாடி அதிகாரியிடம் சொன்னேன்; அந்த வாரமே அவர் என்னைக் கூப்பிட்டார். உன் நைட்டி வியாபாரத்துப் போன் நம் கையில் இருக்கிறது, அதற்கு யார் யார் பேசினார்கள் என்று பார்த்தால் முல்லை யாரென்று உடனே தெரிந்துவிடும், எதற்கு அமாவாசை வரை காத்திருப்பது என்றார். அவர் கெட்டவர் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். அவள் எண் ஒருமுறை நம் கணினிக்குள் வந்துவிட்டால் எத்தனை திரையில் தெரியும் என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்டேன். முடியாது என்று நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. உன் அதிகாரியிடம் போய் அனுமதி கேட்டேன். சரி, நீயே போய் வா என்றார்.

அமாவாசையன்று சேதுக்கரையில் நல்ல கூட்டம். உன் நைட்டி மூட்டையை வாங்கிக்கொண்டு போய், கடலுக்கு இறங்குகிற வழியில் விரித்து உட்கார்ந்தேன். இரண்டு விற்றும் போனது. பிறகு ஈரத் தலையோடு ஒருத்தி வந்து மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துணியைப் புரட்டிக்கொண்டே, “அக்கா வரலையா?” என்றாள்.

சொன்னேன். கையில் பிடித்திருந்த நைட்டியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். அழுதால் யாராவது பார்ப்பார்கள் என்ற பயம் அவளுக்கு. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள். “எனக்குப் போதும்னு அக்காகிட்டச் சொல்லியிருந்தேன். கேட்டுச் சொல்றேன்னாக. இனி யாருட்டக் கேக்குறது?”

அடுத்த அமாவாசைக்குப் பதில் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எந்த அதிகாரத்தில் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குள் இரண்டு பிரிவையும் உட்காரவைத்துப் பொறுப்புகளைத் திரும்பப் பிரிக்கிற கூட்டம் நடந்தது. கரையில் புது ரேடார் வந்துவிட்டது, இனி அந்தப் பகுதி முழுக்க எங்களுக்கே என்றார் எங்கள் அதிகாரி. கையிலிருக்கிற ஆளை யாராவது விடுவார்களா, முல்லைக்கு வேறொருவரை அனுப்புகிறோம் என்றார்கள் உங்கள் பக்கத்தில். கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன்.

படகு எப்போது கிளம்புகிறது என்பதை ரேடாரே சொல்லும் என்றால் அதை ஒரு பெண்ணின் உயிரைப் பணயம் வைத்து ஏன் கேட்க வேண்டும் என்றேன். இயந்திரத்தால் முடிகிற எதற்கும் மனிதர்களை மாட்டிவிட வேண்டாம். அதே சமயம், படகில் போகிறவன் விரும்பிப் போகிறானா, மிரட்டலுக்குப் போகிறானா என்பது எங்கள் திரையில் தெரியாது. அதை மனிதர்கள்தான் கேட்டு வர வேண்டும். எது யாருக்குப் பெருமை என்று பிரிக்காமல், எதில் யாருக்கு ஆபத்து என்று பார்த்துப் பிரிக்கலாம் என்றேன்.

எங்கள் அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. பகுதி முழுக்கக் கேட்டவர், மனிதர்களிடம் விசாரிப்பதைக் கீழ்த்தளத்துக்கே விட வேண்டுமே? உன் அதிகாரி மட்டும், “இது செல்வி சொன்னதா?” என்று கேட்டார். இல்லை சார், அவங்க இருந்தா இதைவிட நல்லா சொல்லியிருப்பாங்க என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் சின்னதாக ஓர் உத்தரவு வந்தது. அந்தப் பகுதிக்கு ரேடார் பொறுப்பு, முல்லையின் தொடர்பு முடிக்கப்பட்டது.

அடுத்த அமாவாசைக்கு அவள் எனக்கு முன்பே வந்து நின்றாள். இனி நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், யாரும் உன்னைத் தேடி வர மாட்டார்கள் என்றேன். நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். திரும்பவும் சொன்னேன். பெரிய மூச்சாக விட்டாள்.

“தம்பி பேரச் சொல்லி முங்குவேன். இன்னைக்கு அக்கா பேர்லயும் முங்கணும். எங்கிட்டச் சொன்ன பேரு வேணாம். நெசப் பேரு என்ன?”

சொல்லக் கூடாது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நீ யாரென்று தெரியாமலே தன் உயிரை உன் கையில் கொடுத்திருந்தவள் அவள். குனிந்து, துணியை எடுத்துக் கொடுப்பது போல் அவள் காதருகே சொன்னேன். அவள் வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு கடலில் இறங்கினாள். சேலை காற்றில் உப்ப, மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் முங்கி எழுந்தபோதுதான் நான் உனக்காக அழுதேன். ஆஸ்பத்திரியிலும் கடலாடியிலும் வராத அழுகை.

பிரித்ததெல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நடுவில் இஞ்சின் பழுதாகி நின்ற ஒரு படகைக் கடத்தல் படகு என்று எங்கள் திரை சொல்லிவிட்டது. உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண் கரையில் விசாரித்து உண்மையைச் சொன்ன பிறகுதான் அந்த ஏழைகளை விட்டார்கள். இப்போதெல்லாம் அவள் மாடியேறி வருகிறாள், மாடிக்காரர்களும் கீழே இறங்கிப் போகிறார்கள். வேறொரு கரையிலும் இதே முறையில் பிரிக்கப் போவதாகப் பேச்சு. நான் இந்தப் பங்குனியோடு வேலையை விட்டுவிட்டேன்.

முல்லை அந்த ஊரை விட்டுக் குடும்பத்தோடு போய்விட்டாளாம். எங்கே என்று நான் கேட்கவில்லை. என்றைக்காவது ஏதோ ஒரு பஸ்ஸிலோ கடைவீதியிலோ அவள் எதிரே வந்தால், தெரியாத முகத்தைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு அவளை அவள் வழியில் போகவிடுவேன். இது சத்தியம், அக்கா.

என்றும் உன் கூடப்பிறவாத் தங்கச்சி,
கனகு