மிச்சமிருந்த வாயசைவு

7 ஏப்ரல் 1992, செவ்வாய்

இன்றும் பார்க்க முடியவில்லை. ஐந்தரைக்குச் சரியாக அக்கா வந்து டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். சுவிட்சை அணைப்பதுகூட இல்லை, பிளக்கையே பிடுங்குகிறாள்.

அவளுக்கு வயது எழுபத்து மூன்று. எனக்கு அறுபத்தெட்டு. ஒரு கார்ட்டூனுக்காகச் சண்டை! வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

"சின்னப்பிள்ளையளின்ர படம். அதுவும் அவங்கட படம்," என்றாள். அவங்கள் என்றால் ஜப்பான்காரர்கள். அந்தப் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. மலாயாவை அவர்கள் பிடித்திருந்த காலத்தில், ரயில்வேயில் கிளார்க்காக இருந்த அவள் கணவர் குலசேகரம் அத்தானை நாற்பத்து மூன்றில் சயாம் காட்டுக்கு ரயில்பாதை போட அனுப்பினார்கள். திரும்பவேயில்லை. அவள் கோபம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அந்த டிவிக்குள் இருப்பது இரட்டைப் பின்னல் போட்ட ஏழு வயதுப் பிள்ளையல்லவா?

14 ஏப்ரல், செவ்வாய்

அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லாமல்தான். குடையை எடுப்பாள், செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். என் மனைவி தவறிய பிறகு அவள் இங்கே வந்து நான்கு வருஷமாகிறது. ஒரு நாளும் 'போட்டு வாறன்', போய் வருகிறேன், என்று சொன்னதில்லை. எவ்வளவு எரிச்சல் வருகிறது. முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பழக்கம்.

போகட்டும். இன்று முழுப் படமும் பார்த்தேன். காகிதக் கடை காஜா மொய்தீன் கூட இருந்தார். பிள்ளை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தௌஹு, அந்தச் சோயாக் கட்டி, வாங்கப் போகிறாள். திரும்பும் வழியில் ஒரு பூனைக்கு வழிவிட்டு ஒதுங்குகிறாள், கிண்ணம் விழுந்து உடைகிறது. உதிர்ந்ததை அள்ளிக்கொண்டு வருகிறாள். அம்மா அதையே சூப்பில் போடுகிறாள். அப்பா, "இன்றைக்கு ருசி அதிகம்," என்கிறார். முடிந்தது.

"வாத்தியாரே, இருவது நிமிஷமா ஒண்ணுமே நடக்கல லா! சண்டை இல்ல, ஓட்டம் இல்ல. தௌஹு வாங்குச்சு, கீழ போட்டுச்சு, வீட்டுக்கு வந்துச்சு. இதுக்கா கரண்டு?" என்றார் காஜா.

சொல்லிப் பார்த்தேன். கூட்டல் கணக்கில் ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. மூன்றைக் கீழே எழுதி, ஒன்றை மேலே சின்னதாக வைப்போம். விடை வந்ததும் அந்தச் சின்ன ஒன்றை அழித்துவிடுவோம். மற்றப் படங்களெல்லாம் விடையைக் காட்டுகின்றன. இந்தப் படம் அந்தச் சின்ன ஒன்றைக் காட்டுகிறது. அது இல்லாவிட்டால் விடையே தப்பு.

"அந்த ஒண்ணை மேல வைக்க மறந்துதான் நான் அஞ்சாம் வகுப்போட நின்னுட்டேன்," என்றார். இவரிடம் போய்ச் சொன்னேனே.

21 ஏப்ரல், செவ்வாய்

ஓர் உடன்பாடு. சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட வேண்டும், அக்கா சமைத்தபடி குசினிக் கதவைச் சாத்திக்கொள்வாள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு வாரமும் பிள்ளை வாசலில் நின்று சத்தமாக ஏதோ சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். மலாய்க் குரலில் அது "சாயா பெர்கி!" — நான் போறேன். குரல் நின்ற பிறகும் அவள் வாய் அசைகிறது. ஏதோ குறைகிறது. மொழிபெயர்த்தவர் பாதியை விழுங்கிவிட்டார். வீட்டை விட்டுப் போகும் பிள்ளை வெறும் 'போறேன்' என்றா சொல்லும்? இந்தப் பெருங்குறையைப் பற்றிப் பேச ஓர் ஆளில்லை எனக்கு.

5 மே, செவ்வாய்

என்னையறியாமல் உரக்கச் சிரித்துவிட்டேன். பிள்ளையின் அப்பா காலுறையை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான். குசினிக் கதவு படாரென்று திறந்தது.

"அவங்களைப் பாத்து உனக்குச் சிரிப்பு வருது, என்ன? அப்ப நான் ஞானத்திட்டைப் போறன். நீ இருந்து சிரி."

ஞானம் அவள் மகள், கெப்பாலா பத்தாஸ் பட்டணத்தில் அரசாங்க வேலை. போனும் பண்ணிவிட்டாள். இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை கார் வருமாம். அக்காவின் துணிப்பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாயிற்று.

நான் என்ன செய்துவிட்டேன்? படம் பார்த்தேன்.

12 மே, செவ்வாய்

படம் இல்லை. தாமஸ் கோப்பைப் பூப்பந்து. காஜாவும் தெருவில் பாதிப் பேரும் என் வீட்டுக் கூடத்தில். தொண்டை கிழியக் கத்தல். அதற்கு மட்டும் அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

16 மே

மலேசியா கோப்பையை வென்றுவிட்டது. சந்தோஷம்தான். வீட்டில் பேச்சு இல்லை.

19 மே, செவ்வாய்

ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

அவள் போகத்தான் போகிறாள், இனி யாருக்காகச் சத்தத்தைக் குறைக்க வேண்டும்? வீம்புக்குக் கூட்டி வைத்தேன். வேண்டுமென்றேதான். அறுபத்தெட்டு வயதில் வெட்கக்கேடு.

படம் தொடங்கியது. மலாய்க் குரலைக் காணோம். நிலையத்தில் நாடாவை மாற்றிப் போட்டுவிட்டார்கள் போலும், எல்லோரும் ஜப்பானிய மொழியிலேயே பேசினார்கள். பிள்ளை மஞ்சள் குடையோடு வாசலில் நின்று கத்தினாள்: "இத்தே கிமாஸ்!"

அக்கா கரண்டியோடு குசினி வாசலில் நின்றாள். ஏச வருகிறாள் என்று நினைத்தேன்.

"இதைத்தான்," என்றாள்.

"என்ன அக்கா?"

"இதைத்தான் அவர் சொன்னவர். இதே மாதிரித்தான், வாசல்ல நிண்டு, சிரிச்சுக்கொண்டு. போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை. வீட்டை விட்டுப் போற மனுசன் வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லாமல், அவங்கட பாஷையில என்னவோ... நீதானே சொல்லிக் குடுத்தனி!"

நான்தான். ஜப்பான்காரன் காலத்தில் ஆசிரியர்களுக்கு நிப்பொங்கோ, அவர்கள் பாஷை, கற்றுத் தந்தார்கள். நான் பின்னேரங்களில் அத்தானுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதிகாரியிடம் அறை வாங்காமல் இருக்கட்டும் என்று. அவர் புறப்பட்ட காலையில் நான் பள்ளிக்கூடத்தில் அவர்கள் சக்கரவர்த்திக்காகக் கிழக்குப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தேன். வாசலில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"அக்கா, இத்தே எண்டால் போய். கிமாஸ் எண்டால் வாறன். அத்தானுக்கு நான் சொல்லிக் குடுத்தது இத்தே மாயிரிமாஸ். அதுவும் வாறன்தான், கொஞ்சம் மரியாதையாய்."

வகுப்பில் பதம் பிரித்துக் காட்டுவதுபோலச் சொன்னேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

"அப்ப... வாறன் எண்டுதான் சொன்னவரோ?"

"ஓம் அக்கா. நாங்கள் சொல்லுறது மாதிரியே. போட்டு வாறன்."

டிவியில் பிள்ளை குடையைப் பேருந்தில் மறந்துவிட்டு மழையில் நின்றாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு எழுத்துப் போட்டுவிட்டார்கள். அக்காவின் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

சோறு போட்டாள்.

20 மே

நாற்பத்தொன்பது வருஷம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொற்பொருள் சொல்லிக் கொடுத்தேன். என் குடும்பத்துக்குள் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவள் ஏன் கேட்கவில்லை? சரி, நான் ஏன் ஒரு நாளாவது அந்தக் காலையைப் பற்றிக் கேட்கவில்லை? பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்று இருந்தேனாம். பெரிய பொறுமைசாலி!

22 மே

இன்னும் பெட்டியில் சேலைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. சொல்லியிருக்கவே கூடாதோ?

24 மே, ஞாயிறு

பத்து மணிக்கு ஞானம் கார் கொண்டு வந்தாள். பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. "மாமா, அம்மாவை விடுங்க, ரெண்டு நாள்ல கோவம் போயிரும்," என்றாள். அக்கா பாட்டுக்கு நடந்து போய்க் காரில் ஏறினாள். வழக்கம்போலத்தான் என்று நினைத்து வாசல் கதவைச் சாத்தப் போனேன்.

கார்க் கண்ணாடி இறங்கியது.

"தம்பி, போட்டு வாறன்."

"போட்டு வாங்கோ," என்று சொல்லி முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது. முனை வரை போய் நின்றது. பின்னோக்கி வாசலுக்கே திரும்பி வந்தது.

குடையை மறந்துவிட்டாளாம். தானே இறங்கி உள்ளே வந்து, கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். டிவியை ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்குக் குடை கிடைச்சதோ எண்டு செவ்வாய்க்கிழமை பாத்து வை."

வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டு, மறுபடியும் சொன்னாள்.