பார்சல் அறையில் முடங்கிய அயோடின் பெட்டி

அனுப்புநர்:
ரயில் அறிவிப்பாளர் (மருத்துவ விடுப்பில்),
பணியாளர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
சரக்குப் போக்குவரத்து மேலதிகாரி அவர்கள்,
ரயில்வே தலைமை அலுவலகம்.

பொருள்: மருத்துவமனைக்கு வரும் கதிரியக்க மருந்துப் பெட்டியை வந்த அன்றே ஒப்படைக்க ஆணையிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் நிலையத்தில் ரயில்களின் வரவையும் தாமதத்தையும் ஒலிபெருக்கியில் சொல்லிவருபவள் நான். தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் கண்டு, சுரப்பியை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து குரல் கரகரக்கிறது. உடலில் மிச்சம் மீதி நோய் இருந்தால் அதை அழிக்க, கதிரியக்க அயோடின் மாத்திரை ஒன்றை விழுங்க வேண்டும் என்றார் மருத்துவர் அம்மா.

2. அதற்கு ஆயத்தமாக, வழக்கமான தைராய்டு மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்தச் சொன்னார்கள். அயோடின் கலந்த உப்பு, மீன், முட்டை, பால் எதுவும் கூடாது. முகம் வீங்கியது. நல்ல வெயிலிலும் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சும் மந்தமாகிவிட்டது. என் கணவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார். இத்தனையும் பொறுத்து, குறித்த நாளில் மருத்துவமனைக்குப் போனால், அறை தயார், மாத்திரை வரவில்லை.

3. மாத்திரை எங்கும் தொலையவில்லை. என் சொந்த நிலையத்தில்தான் இருந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மஞ்சள் தாளில் மூன்று இதழ்க் கதிரியக்கக் குறியைக் கண்ட பார்சல் மேற்பார்வையாளர், அதைச் சரக்கு முற்றத்துக்குப் பின்னால் உள்ள காலிக் கொட்டகையில் வைத்து, சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார். மருத்துவமனை ஓட்டுநர் வெறுங்கையோடு திரும்பினார். என்ன செய்யட்டும் என்று கேட்டு மேற்பார்வையாளர் எழுதிய கடிதம் தங்கள் அலுவலகத்தில் எந்த மேசையில் ஓய்வெடுக்கிறதோ, அறியேன்.

4. தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் என் கணவர் போய்க் கெஞ்சினார். மேற்பார்வையாளர், "உங்க வீட்டுல மாதிரி எங்க வீட்டுலயும் புள்ளகுட்டி இருக்கு சார். அது வெடிச்சா யார் பதில் சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். கணவர் வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை அப்படியே என்னிடம் சொன்னார்.

5. அதே கேள்வியை நான் மருத்துவர் அம்மாவிடம் கேட்டேன். தங்களுக்கும் பயன்படலாம் என்பதால் அவர் சொன்னதை எழுதுகிறேன். அணு உலையில் யுரேனிய அணுவின் கருவை நியூட்ரான் என்னும் நுண்துகள் தாக்குகிறது. அதை விழுங்கிய கரு, நீர்த்துளி போல் நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகப் பிளக்கிறது. இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளியே தெறித்து, பக்கத்துக் கருக்களையும் பிளக்கின்றன. சிதறியவற்றின் எடையைக் கூட்டினால் முன்பிருந்ததைவிட இம்மியளவு குறைகிறது. அந்த இம்மிதான் பெரும் ஆற்றலாக வெளிப்படுகிறது. பிளந்த துண்டுகளில் ஒருவகை சிறிது சிறிதாக மாறி அயோடின் ஆகிறது. என் மாத்திரையில் இருந்தது அதுதான். அது இனிப் பிளக்காது, தொடர்ந்து பற்றாது, வெடிக்காது. கதிரை மட்டும் வெளிவிடும். அந்தக் கதிரைத் தடுக்கவே ஈயப் பெட்டி. ஆனால் எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். காத்திருக்கத் தெரியாத மருந்து அது.

6. மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருடன், கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நானே கொட்டகைக்குப் போனேன். அலுவலர் கதிரை அளக்கும் கருவியைப் பெட்டியருகே பிடித்து, பெட்டியைத் தூக்கிச் சென்று வண்டியில் வைக்கும் நேரத்துக்கு ஒரு பயமும் இல்லை என்று காட்டினார். நான் கேட்டறிந்ததை என் கரகரத்த குரலில் மேற்பார்வையாளருக்குச் சொன்னேன். நடுவில் மூச்சு வாங்கியபோது அவரே நாற்காலி கொண்டுவந்து போட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "அணுன்னா எனக்குக் குண்டு மட்டும்தாம்மா தெரியும். இதுக்குள்ள மருந்து இருக்குன்னு யாரும் சொல்லலியே" என்றார். பிறகு கயிற்றை அவிழ்த்து, பெட்டியைத் தம் கையாலேயே வண்டியில் ஏற்றினார்.

7. அதற்குள் எட்டு நாளுக்கு மேல் ஓடி, வீரியம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்ததால் அந்த மாத்திரை எனக்குப் பயன்படவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் வேறு மாத்திரைக்குச் சொல்லியாயிற்று. அடுத்த வாரம் வருகிறது. அதுவரை பத்தியத்தைத் தொடர்கிறேன். குணமாகும் வாய்ப்பு மிக நன்றாக இருப்பதாக மருத்துவர் அம்மா சொல்கிறார். அவர் சும்மா ஆறுதல் சொல்லும் ஆள் அல்லர்.

8. ஆகவே, இத்தகைய பெட்டிகளை வந்த அன்றே மருத்துவமனையிடம் ஒப்படைக்க எழுத்து வடிவில் ஆணை பிறப்பிக்குமாறும், பார்சல் பணியாளர்களுக்கு இதுபற்றி விளக்கம் அளிக்க ஏற்பாடு செய்யுமாறும் வேண்டுகிறேன். விளக்கம் சொல்லப் பாதுகாப்பு அலுவலர் ஒப்புக்கொண்டுள்ளார். மேற்பார்வையாளர் மீது நடவடிக்கை ஏதும் வேண்டாம். தெரியாததைக் கண்டு அவர் பயந்தார், தெரிந்ததும் மனம் மாறினார். ஆணை தாமதமானால், தம் பொறுப்பில் அடுத்த பெட்டியை வந்த அன்றே அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்தச் சங்கடம் நேராமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
ரயில் அறிவிப்பாளர்

மேற்கண்டவை அனைத்தும் உண்மை. இக்கோரிக்கை என்னுடையதும் ஆகும்.

(கையொப்பம்)
பார்சல் மேற்பார்வையாளர்

இடம்: பணியாளர் குடியிருப்பு
நாள்: மாதத்தின் முதல் திங்கட்கிழமை