லாரிக்காரன் இடுப்பு

பாங்கா,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு நோவாய்க்கு,

உன் வீட்டுக்காரன் தோக்பா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. யாவரும் என்று சொல்ல இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். நலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேனாவைப் பிடிக்கிறான் என்று நினைப்பாய். ஃபோனில் உன் முகம் தெரிந்த உடனே என் வாய் தானாகச் சிரித்து, "எல்லாம் ஓடுது" என்று சொல்லிவிடுகிறது. நீயும் ஜன்னலைத் திறந்து, ராத்திரி பத்து மணிக்கும் இங்கே வெளிச்சம் பார் என்று ஆஸ்லோவைக் காட்டுகிறாய். அதற்குள் லைன் அறுந்துவிடுகிறது. நம் கிளினிக்கைப் பார்க்க உன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நெட்டைப் பெண் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பாவம், நம் காரச் சூப்பைக் குடித்துவிட்டு இரண்டு நாள் படுத்துக்கொண்டாள். உன்னைப் பற்றி எல்லோரிடமும் விசாரிக்கிறாள். டாக்டர் நோவாய் எங்கள் ஊரில் பெரிய ஆள் என்று அவள் சொன்னபோது, எங்கள் ஊரிலும்தானம்மா என்றேன்.

வீட்டுச் சேதி. தகரக் கூரை சமையலறைப் பக்கம் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். உன் கத்தரிச் செடிகளை மழை தின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் கோழி நம் அடுப்படியில் முட்டையிடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், பயப்படாதே.

சாப்பாடு எப்படி என்று கேட்பாய். டம்பாய்க் களி சாப்பிட்டு மாதக்கணக்காகிறது. மரவள்ளி இல்லாமல் இல்லை. ஒற்றை ஆளுக்காக உலக்கை பிடித்து இடித்தால் அந்தச் சத்தம் தெருவெல்லாம் கேட்கிறது. இடித்து முடித்ததும் கிண்ணங்களோடு பத்துப் பேர் வரவேண்டிய சத்தம் அது. நான் மட்டும் உட்கார்ந்து விழுங்க வெட்கமாக இருக்கிறது. லாரி ஸ்டாண்ட் கடையிலிருந்து சோறும் மரவள்ளி இலைக் குழம்பும் வாங்கிவரச் சொல்லித் தின்கிறேன். எல்லோரும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள், யாரும் வீட்டுக்கு வா என்பதில்லை. டாக்டரம்மா வீட்டில் நல்ல சாப்பாடு இருக்கும் என்று நினைப்புப் போலிருக்கிறது. ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறு இல்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

இனி, ஃபோனில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். நிதானமாகப் படி. நான் செத்துவிடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் லாரி ஸ்டாண்டில் நம் வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து லாரியின் டயர் வெடித்தது. வெறும் டயர்தான். என் ஆயுசில் எத்தனை டயர் வெடித்திருக்கும்! ஆனால் அதே நேரத்தில் எனக்கு மறுபக்கம் நின்ற வண்டிக்காரன் எஞ்சினை முடுக்கினான். வெடியும் எஞ்சினும் சேர்ந்து கேட்டன, நான் சக்கரங்களுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தேன். அவ்வளவுதான், இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் என்னுடையதில்லாமல் போய்விட்டது. கத்தக்கூட வரவில்லை. கிரீஸ் டப்பாவைக் கொடு என்று கேட்டவனுக்குப் பதில் வராததால்தான் குனிந்து பார்த்திருக்கிறார்கள். காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். என் கால்சட்டை நனைந்திருந்தது. மழைத்தண்ணீர் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு மழை பெய்யவில்லை. நல்ல பசங்க.

உன் கிளினிக்குக்குத்தான் தூக்கிப்போனார்கள். அந்த நீளப் பெஞ்சில் நான் இதுவரை உட்கார்ந்ததே இல்லை, தெரியுமா? உன்னைக் கொண்டுவந்து விடுவேன், வாசலிலேயே ஹார்ன் அடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அது பயத்தில் உச்சி திறந்துகொண்ட பெண்களின் பெஞ்சு. இடம் விடுங்கள், டாக்டரம்மா வீட்டுக்காரர் என்று நகர்ந்துகொண்டார்கள். இவருக்கும் உச்சி திறந்துகொண்டதா என்று ஒருத்தி கேட்டாள். ஆண்பிள்ளைக்கு உச்சி திறக்காது, இடுப்புதான் பிடிக்கும் என்று நம் லாரிக்காரர்கள் சொல்வதையே நானும் சொன்னேன். மீன் விற்கிற அந்தத் தடித்த பெண் விடவில்லை. "ஏன், ஆம்பளைக்கு மட்டும் தலை கிடையாதா?" என்றாள். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. வலியோடு நானும் சிரித்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த புதிதில் நீ மன்ரோவியாவிலிருந்து சின்ன டாக்டராக வந்தாய். தலை உச்சி கொதிக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கழுத்துத் திரும்பவில்லை என்று பெண்கள் வந்தபடியே இருந்தார்கள். பயந்ததில் உச்சிக்குழி திறந்துகொண்டது, காற்று உள்ளே போகிறது என்றார்கள். உச்சிக்குழி கைக்குழந்தைக்குத்தானே திறந்திருக்கும் என்று பெரிய டாக்டர்கள் சிரித்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நீ சிரிக்கவில்லை. உச்சியைச் சிரைத்துப் பச்சிலை வைத்துக் கட்டுகிற பெண்களிடமே போய் உட்கார்ந்தாய். மருந்து வைப்பதற்கு முன்னால் அவர்கள் உள்ளங்கையைத் தலையில் வைத்து, எப்போது திறந்தது என்று கேட்பதைப் பார்த்தாய். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். அதற்குப் பிறகு உனக்கு வேறு பிழைப்பே இல்லை. எந்தக் கிராமத்தில் யாருக்கு வயிறு எரிகிறது, யாருக்குத் தூக்கம் வரவில்லை, யாருக்கு இளம் வயதிலேயே பிரஷர், அவள் சண்டையில் எந்தக் காட்டில் ஒளிந்திருந்தாள் என்று சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பாய். வாய் சொல்லாததை உடம்பு தப்பும் தவறுமாகச் சொல்லும், டாக்டர்தான் அதைத் திருத்திப் படிக்க வேண்டும் என்பாய். உன்னை ஏற்றிக்கொண்டு மழையிலும் சேற்றிலும் வண்டி ஓட்டியவன் நான். நமக்குப் பிள்ளை இல்லை. அந்த வேலைதான் பிள்ளை என்று வைத்துக்கொண்டோம். அதில் எனக்குக் குறை இல்லை.

சரி, கிளினிக் கதைக்கு வருகிறேன். நீ வளர்த்துவிட்ட யாசா இப்போது நல்ல டாக்டர், உன்னைப் போலவே மூக்கைச் சுருக்குகிறாள். படம் எடுத்தாள், ரத்தம் எடுத்தாள், சின்னச் சுத்தியால் முட்டியைத் தட்டினாள், ஊசியால் பாதத்தைக் குத்தினாள். எலும்பில் ஒன்றுமில்லை, நரம்பில் ஒன்றுமில்லை, சர்க்கரையும் இல்லை என்றாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு உன் குட்டை முக்காலியை இழுத்துப்போட்டு எனக்குக் கீழே உட்கார்ந்தாள். கை வைக்கலாமா அப்பா என்று கேட்டு, எக்கி என் தலையில் கை வைத்தாள். எப்போது திறந்தது என்றாள்.

ஒன்றுமில்லையம்மா, லாரிக்காரன் இடுப்பு என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. நம் ஊரில் யாரை எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் ஏதோ முட்டி மோதிப் பார்க்கிறேன் என்றுதானே சொல்வார்கள், வீடே எரிந்தாலும் அதுதானே பதில்? முதல் பதில் கேட்டவருக்கு மரியாதை, இரண்டாம் பதில்தான் நோய், அதனால் எப்போதும் இரண்டு தடவை கேட்கணும் என்று நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாயாம். சொல்லிவிட்டு மறுபடி கேட்டாள்.

நோவாய், வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். "இந்தக் கேள்விக்கு ஒரு சொந்தக்காரி இருக்கா தாயி. அவ கேக்கட்டும், நான் சொல்றேன்" என்றேன். யாசா கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் சாத்திரம் சொன்ன பல்லி கழுநீர்ப்பானையில் விழுந்ததாம் என்று உன்னைக் கேலி செய்யலாம் என்று பார்த்தேன். மனசு வரவில்லை. நீ கேட்காமல் இல்லை. நம் கல்யாணத்தன்றே நான் நொண்டிக்கொண்டுதான் ஆடினேன். அன்று ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டே என்ன ஆச்சு என்று கேட்டாய். லாரிக்காரன் இடுப்பு என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், அது அப்படியே பேராகிவிட்டது. வீட்டில் யார் இரண்டாவது தடவை கேட்கிறார்கள்? புருஷன் பொண்டாட்டி என்றால் முதல் பதிலையே நம்புவதுதானே வழக்கம்.

எனக்கு அது திறந்த நாள் தெரியும், இடமும் தெரியும். உன்னைப் பார்ப்பதற்கு முந்தைய வருஷம், சண்டைக்காரர்கள் வண்டிகளை மறித்துச் சோதிக்கச் சாலையில் கயிறு கட்டி 'கேட்' போட்டிருந்த இடம் அது. கக்காட்டா போகிற வழியில், பாலம் தாண்டி, பெரிய இலவ மரத்துக்கு எதிரில். அங்கே வரும்போது நான் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். வெந்து சாகிறேன், எதற்கு ஏற்றுகிறாய் என்று ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவாய். தூசி என்பேன். மழைக்காலத்திலும் தூசி என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீ மடியில் கிடந்த காகிதங்களுக்குத் திரும்பிவிடுவாய். மேற்கொண்டு இதில் எழுதமாட்டேன். எழுதுகிற விஷயம் இல்லை அது. அந்த நெட்டைப் பெண்ணின் பையில் பல்பொடிக்கும் சோப்புக்கும் நடுவில் அது போகவேண்டாம்.

இப்போது எழுந்து நடக்கிறேன், கம்பு வேண்டியிருக்கிறது. வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். எஞ்சின் சத்தம் கேட்டால் கால் துவண்டுவிடுகிறது. லாரி ஓடுகிற ரோட்டில் வீடு வைத்துக்கொண்டு எஞ்சின் சத்தம் கேட்காமல் எப்படி இருப்பது? காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பார்க்க வந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பயமாக இருக்கிறது, நோவாய். இந்த வயசில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் உன்னிடம்தானே சொல்லமுடியும்?

இன்னொன்று. தலையை மொட்டை அடித்துக்கொண்டேன். என் முடிமேல் எனக்கு எவ்வளவு மோகம் என்று உனக்குத் தெரியும். மீன்காரி பச்சிலைக்காரியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள், உட்காரவைத்துச் சிரைத்துவிட்டார்கள். இலையும் அரைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். வேண்டாம், முதலில் கை வைக்கவேண்டியவள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தக் கிறுக்கனோடு அந்த டாக்டர் எப்படிக் குடும்பம் நடத்தினாளோ என்று திட்டிக்கொண்டே போனார்கள். மண்டை கோணல் என்று இப்போதுதான் தெரிகிறது. நீ சிரிப்பாய்.

உன் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்த ஊரில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் நம் பெண்களின் உச்சிக்குழியைப் பற்றி நீ பேசுகிறாய், யாரும் சிரிப்பதில்லை என்று நெட்டைப் பெண் சொன்னாள். கேட்கும்போது எனக்கு மார்பு விரிந்தது. இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் போட்டுவிட்டு நிரந்தரமாக ஓடிவா என்று சொன்னால் என்னைவிடச் சுயநலக்காரன் இருக்கமாட்டான். நீ மறுபடி போகவேண்டியிருந்தால் நானே விமான நிலையத்துக்கு வந்து ஏற்றிவிடுவேன், பஸ்ஸிலாவது வருவேன். நடுவில் ஒரு தடவை மட்டும் வா. முக்காலியைப் போட்டு உட்கார், தலையில் கை வை.

போன வாரம் ஃபோனில் கேட்டாயே, இன்னும் ஐந்து வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடணும், போடட்டுமா என்று. "தாராளமா போடு, எனக்கென்ன குறை" என்றேன். நீ சரி என்றாய். லைன் அறுந்துவிட்டது.

அது முதல் பதில், நோவாய். தூர தேசத்தில் கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இன்னொரு தடவை கேள்.

உன்,
தோக்பா